நாயோடு முதல் தீபாவளியா? கதவிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் முதல் நாய் வெடிச்சத்தத்தால் தொலைந்துபோனது என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது தொலைந்தது கதவால். தீபாவளி அன்று காலை ஐந்தரை மணி. எதிர்வீட்டு அக்கா பலகாரத் தட்டோடு வந்து நின்றார். ஒரு கையில் தட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் கதவைப் பிடித்தபடி இரண்டு வார்த்தை பேசினேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு சரவெடி. என் காலுக்கு இடையில் புகுந்து ஓடியவன் மூன்றாம் நாள்தான் கிடைத்தான். அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது வீட்டில் இருப்பது ஒரு நாட்டு நாயும் ஒரு பூனையும். முதல் முறையாக இப்படி ஒரு ஜீவனை வைத்துக்கொண்டு தீபாவளியைப் பார்க்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி, ராத்திரி ஒரு வேளை மட்டும் வாணவேடிக்கை நடக்கும் ஊர்களுக்காக எழுதியவை. சாயங்காலமே நடக்கக் கூட்டிப்போய்விட்டு இரவில் உள்ளே வையுங்கள் என்பார்கள். நம் ஊரில் தீபாவளியே விடியற்காலையில்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டவுடன் முதல் வெடி. ஆகவே நமக்கு மூன்று அலை வரும்: முந்தின நாள் ராத்திரி, தீபாவளி விடியல், அன்று சாயங்காலம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் அறிவிக்கிறது. அதை நம்பி நாய்க்குத் திட்டம் போடாதீர்கள். எங்கள் தெருவில் நாலு மணிக்கே யாராவது ஒரு அணுகுண்டு வைத்து மற்ற வீடுகளை எழுப்பிவிடுவார்கள்.

ஒரு மாதம் இருக்கும்போது

கால்நடை மருத்துவரைப் போய்ப் பாருங்கள். நாய் இடி இடித்தால் என்ன செய்கிறது, குக்கர் விசில் அடித்தால் என்ன செய்கிறது, போன புத்தாண்டு ராத்திரி எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள். கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, சத்தம் நின்றதும் வெளியே வந்து சாப்பிடும் நாய்க்குப் பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை. உடம்பு நடுங்கி, எச்சில் ஒழுகி, கதவைப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வரவைத்துக்கொள்ளும் நாய்க்குக் கட்டாயம் வேண்டும். "மருந்தெல்லாம் எதுக்கு, பாவம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பயத்தில் ராத்திரி முழுக்க நடுங்குவதுதான் பாவம்.

டாக்டர்கள் இதற்குக் கொடுப்பதில் டிராசோடோன், காபாபென்டின் இரண்டும் பரவலாக உள்ளவை. எது, எத்தனை மில்லிகிராம் என்பதை அவர் எடை பார்த்து, ஈரல், சிறுநீரகம் பார்த்து முடிவு செய்வார். நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, சாதாரண நாளில், ஒரு வேளை கொடுத்துப் பார்ப்பது. சில நாய்கள் தள்ளாடும், சில வாந்தி எடுக்கும், அபூர்வமாகச் சில இன்னும் பரபரப்பாகும். அது தீபாவளி அன்று தெரியவரக் கூடாது. இரண்டாவது, நேரம். மருந்து வேலை செய்ய ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். நாய் பயந்து அலற ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பாதிப் பலன்கூட இருக்காது. நாலு மணிக்கு வெடி என்றால் இரண்டு மணிக்கு அலாரம் வைக்க வேண்டும். எப்படியும் அன்றைக்கு யார் வீட்டில் தூங்குகிறார்கள்?

பழைய வழக்கப்படி யாராவது அசிப்ரோமசின் மட்டும் எழுதிக்கொடுத்தால், வேறு ஏதாவது உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். அது உடம்பை அசையவிடாமல் படுக்கவைக்கும், பயத்தைக் குறைக்காது. நாய் அமைதியாக இருப்பதுபோல நமக்குத் தெரியும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். குறிப்பாகப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

அடுத்து, சத்தப் பழக்கம். வெடிச்சத்தப் பதிவுகள் யூடியூபில் நிறைய கிடைக்கின்றன. நாயின் காது லேசாக அசையும், ஆனால் அது படுத்த இடத்தை விட்டு எழாது, அந்த அளவு சத்தத்தில் தொடங்குங்கள். சத்தம் வந்த அடுத்த நொடி ஒரு துண்டு வேகவைத்த கோழி. இந்த வரிசை மாறக் கூடாது. கோழியை முதலில் காட்டிவிட்டுச் சத்தம் வைத்தால், கோழியைப் பார்த்தாலே பயப்படக் கற்றுக்கொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்தைந்து நிமிஷம் போதும். கோழியைச் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பினால் நீங்கள் அவசரப்பட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டீர்கள், குறையுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் அணுகுண்டின் அந்த அடிவயிற்று அதிர்வு வராது. முடிந்தால் டிவியிலோ பெரிய ஸ்பீக்கரிலோ போடுங்கள்.

இதற்கு வாரக்கணக்கில் ஆகும். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, அல்லது உங்கள் நாய் ஏற்கெனவே சத்தத்துக்கு ஓடி ஒளியும் ரகம் என்றால், இப்போது தொடங்க வேண்டாம். பயம் கூடத்தான் செய்யும். தை பிறந்த பிறகு நிதானமாக ஆரம்பியுங்கள். நம் ஊரில் பழக்கியது வீணாகாது. கோயில் திருவிழா வாணவேடிக்கை, தேர்தல் முடிவு, கிரிக்கெட் வெற்றி, சாவு ஊர்வலம் என்று வருஷம் முழுக்க ஏதோ ஒன்றுக்கு வெடி உண்டு.

பதுங்க ஓர் இடம்

நாய்க்கு எந்த அறை வசதி என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இடி இடிக்கும்போது அது எங்கே போகிறது என்று கவனியுங்கள். ஐப்பசி மழை அதற்கு நிறைய வாய்ப்புத் தரும். எங்கள் வீட்டில் அவன் தேர்ந்தெடுத்தது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு அடிச் சந்து. அழகான படுக்கை ஒன்று வாங்கி ஹாலில் போட்டிருந்தேன், சீந்தவே இல்லை. கடைசியில் பழைய லுங்கி ஒன்றை அந்தச் சந்தில் விரித்தோம்.

தெருவைப் பார்த்த ஜன்னல் இல்லாத உள்ளறை நல்லது. ஜன்னல் இருந்தால் மெத்தையை அதன்மேல் சாய்த்து வைக்கலாம், கனமான போர்வையைத் தொங்கவிடலாம். சத்தம் மட்டுமில்லை, ராக்கெட்டின் வெளிச்சமும் உள்ளே வராது. மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, டிவியையும் போட்டுவிடுங்கள். வெளிச்சத்தத்தைப் பூசி மறைக்க, இடைவிடாத ஒரு மந்தமான சத்தம் வேண்டும். வாஷிங் மெஷின் இதற்கு அருமையாக உதவும். அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அறையை மூச்சு முட்ட அடைத்துவிட வேண்டாம். பயந்த நாய்க்கு இரைக்கும், உடம்பு சூடாகும். தண்ணீர்க் கிண்ணம் அங்கேயே இருக்கட்டும், கவிழாத கனமான கிண்ணமாக.

அந்த அறைக் கதவைப் பூட்டி நாயைத் தனியாக விடாதீர்கள். அது உள்ளேயும் வெளியேயும் போய்வர வேண்டும், வீட்டின் வெளிக்கதவு மட்டும் அடைந்திருக்க வேண்டும். கட்டிப்போடவே கூடாது. சங்கிலியில் கட்டிய நாய் பயத்தில் சுற்றிச் சுற்றிக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். மொட்டை மாடியிலும் விடாதீர்கள். மிரண்ட நாய்க்குக் கைப்பிடிச்சுவர் ஒரு பொருட்டே இல்லை.

கதவு

தீபாவளி அன்று வீட்டுக் கதவு திறந்து மூடுவதை எண்ணியிருக்கிறீர்களா? பலகாரத் தட்டு, பெரியவர்களிடம் ஆசீர்வாதம், தீபாவளி இனாம் கேட்டு வருகிறவர்கள், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மத்தாப்பு எடுக்க உள்ளே ஓடிவரும் பிள்ளைகள். எல்லாரையும் திருத்த முடியாது. ஆகவே நாய்க்கும் வாசலுக்கும் நடுவில் எப்போதும் இரண்டு தடுப்பு இருக்கும்படி செய்யுங்கள். கிரில் கதவும் மரக்கதவும் இருந்தால், ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். ஒரே கதவுள்ள அடுக்குமாடி வீடு என்றால், குழந்தைகளுக்கு விற்கும் மடக்குக் கதவை ஹால் வழியில் பொருத்தலாம். அதுவும் இல்லையென்றால் ஒரு பெஞ்சைக் குறுக்கே போடுங்கள். கதவில் ஒரு தாளை ஒட்டி, "நாய் பயந்திருக்கிறது, மணி அடித்துவிட்டுக் காத்திருங்கள்" என்று எழுதுங்கள். பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். மீதிப் பேர் படித்தாலும் லாபம்தான்.

அன்று முழுக்க, வீட்டுக்குள்ளும்கூட, கழுத்தில் பெல்ட் இருக்கட்டும். உங்கள் செல்போன் எண்ணை அழியாத மார்க்கர் பேனாவால் பெல்ட்டின் மேலேயே எழுதுங்கள். தொங்கும் வில்லை அறுந்து விழும், பெல்ட்டில் எழுதியது விழாது. பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் போக வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் தலையை உருவிக்கொண்டு போய்விடும். வெளியே கூட்டிப்போகும்போது பெல்ட்டோடு, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸும் போட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு கட்டுவது என் வழக்கம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதோடு பதிவான செல்போன் எண் இப்போதும் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள். பழைய எண்ணோடு இருக்கும் சிப்பால் பயனில்லை.

பக்கத்து வீடுகளிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். "வெடிக்காதீங்க" என்று கேட்டால் கேட்க மாட்டார்கள், கேட்பதற்கு நமக்கு உரிமையும் இல்லை. நேரத்தைக் கேளுங்கள். கீழ்வீட்டுப் பையனிடம் நான், "தம்பி, சத்த வெடி எப்ப வைப்பே? அப்ப அவனை உள்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றேன். "ஆறு மணிக்கு மேலதான் அண்ணா, பத்து நிமிஷம் முன்னாடி வந்து சொல்றேன்" என்றான். சொன்னபடியே வந்து சொல்லவும் செய்தான். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று அங்கே பல வருஷமாகத் தீபாவளிக்கே வெடி வைப்பதில்லை. அது ஒரு கிராமம் சேர்ந்து எடுத்த முடிவு. நமக்கு ஒரு தம்பி பத்து நிமிஷம் முன்னால் வந்து சொன்னாலே பெரிய விஷயம்.

அந்த ஒன்றரை நாள்

முந்தின நாள் மதியம் நன்றாக நடக்க வைத்துக் களைப்பாக்குங்கள். இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்குள் கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் ஒன்றுக்கு, இரண்டுக்கு முடித்துக் கூட்டிவந்துவிடுங்கள். சத்தம் தொடங்கிய பிறகு பல நாய்கள் வெளியே போக மறுக்கும், மணிக்கணக்கில் அடக்கிக்கொள்ளும். பால்கனியிலோ பாத்ரூமிலோ செய்தித்தாள் விரித்துவையுங்கள். அங்கே போனால் திட்டாதீர்கள். ஹாலில் போனாலும் அன்றைக்குத் திட்டாதீர்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு, தெரு அடங்கியிருக்கும்போது, ஒருமுறை வெளியே கூட்டிப்போகலாம். அப்புறம் உங்களுக்கு ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது: மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை. ஊரே சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் சாய்ந்திருக்கும். நிதானமான நடைக்கு அதுதான் நேரம். தரையைப் பார்த்து நடங்கள். வெடிக்காமல் கிடக்கும் வெடி, இன்னும் சூடு ஆறாத மத்தாப்புக் கம்பி, புஸ்வாணத்தின் உடைந்த மண் ஓடு என்று எல்லாம் காலுக்கடியில் கிடக்கும்.

சரி, வெடிக்கும்போது என்ன செய்வது? நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு அது 45,000 அளவு, பூனைக்கு 60,000-க்கும் மேல். ஆனால் சத்தம் அதிகம் என்பதைவிட, எப்போது வரும், எங்கிருந்து வரும் என்று தெரியாததுதான் அவற்றை உலுக்குகிறது. அதனால் நீங்கள் மாறாமல் இருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், மெதுவாகப் பேசுங்கள், மடியில் ஏறினால் ஏறட்டும். பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொல்வதால் அது பழக்கமாகிவிடாது. அதற்காக ஒளிந்திருப்பதை இழுத்து வெளியே எடுத்துக் கொஞ்சுவதும் வேண்டாம். தானாக வந்தால் தடவுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். இறுக்கமான பழைய டீ-ஷர்ட் ஒன்றை மாட்டிவிட்டால் சில நாய்களுக்குத் தெம்பாக இருக்கும். காதில் பஞ்சை உள்ளே திணிக்காதீர்கள், எடுக்க டாக்டரிடம் போக வேண்டிவரும்.

"பழகட்டும்" என்று மத்தாப்பு கொளுத்தும் இடத்துக்கே நாயைக் கூட்டிப்போகும் வீரர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் மாமா. அவரைப் பலகாரத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

பலகாரமும் விளக்கும்

பலகாரத்தில் ஆபத்தானது நாம் நினைப்பதுபோல மைசூர்பாகு அல்ல. அதில் இருக்கும் நெய்யும் சர்க்கரையும் வயிற்றைக் கெடுக்கும், கணையத்தைப் பாதிக்கும், அது உண்மைதான். ஆனால் லட்டிலும் கேசரியிலும் பாயசத்திலும் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கக் கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று திட்டமாகச் சொல்ல முடியாது, நாய்க்கு நாய் மாறும். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா பார்ப்போம் என்று உட்காராமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். பரிசுப் பெட்டியில் வரும் சாக்லேட்டும் விஷம்தான். கறுப்பு சாக்லேட் இன்னும் மோசம். தீபாவளிக் கறிக்குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், அவை ரத்த அணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு நெட்டாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். இலையில் மிஞ்சியதை நாய்க்குப் போடும் பாட்டியிடம் இதை விளக்குவதைவிட, பாட்டி கையில் நாய்க்கென்று இரண்டு வேகவைத்த முட்டையைக் கொடுத்துவிடுவது சுலபம்.

வெடிப் பெட்டியை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாம்பு மாத்திரையைக் கடித்துப் பார்க்கும் குட்டிகள் உண்டு, வெடிமருந்தில் இருக்கும் ரசாயனங்கள் கடும் விஷம். சில வாரத்தில் கார்த்திகை தீபம் வேறு வரும். தரையில் வரிசையாக வைத்த அகல்விளக்கு ஒரு வாலாட்டலில் சரிந்துவிடும். அணைந்த நெய் விளக்கை நக்கும் நாய் திரியையும் சேர்த்து விழுங்கிவிடும். திரியும் நூலும் பூனை வயிற்றில் போனால் குடலைச் சுருக்கி இழுக்கும், அறுவை சிகிச்சை வரை போகும்.

தீக்காயம் பட்டால் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். ஐஸ், மஞ்சள், பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். ஈரத் துணியால் மூடி டாக்டரிடம் போங்கள். உங்கள் டாக்டர் தீபாவளி அன்று ஊரில் இருப்பாரா என்று முந்தின வாரமே கேட்டு, இல்லையென்றால் யாரிடம் போவது என்றும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பூனை, கிளி, தெரு நாய்

பூனை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது பாதி உண்மை. பரணிலோ துணி அலமாரியிலோ போய் அடைந்துகொள்ளும். இழுக்காதீர்கள், கடிபடுவீர்கள். முந்தின நாள் மதியமே எல்லாப் பூனைகளையும் உள்ளே எடுத்து ஜன்னலை அடைத்துவிடுங்கள். தண்ணீரும் மண் தட்டும் ஒளிந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மறுநாள் பைக், கார் எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தெருப் பூனைகள் என்ஜின் பக்கம் பதுங்கியிருக்கும்.

கூண்டுப் பறவைகளுக்குச் சத்தத்தோடு புகையும் எமன். கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மூன்று பக்கம் மட்டும் துணி போர்த்துங்கள்.

தெரு நாய்களுக்கு நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மாடிப்படிக்கு அடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ ஒரு சாக்கை விரித்து, தண்ணீர் வைத்து, அன்று ஒருநாள் விரட்டாமல் இருந்தாலே போதும். வாலில் வெடி கட்டும் பயல்களைக் கண்டால் போலீசுக்குச் சொல்லலாம். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஓடிப்போய்விட்டால்

பின்னால் துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் ஓடும். எந்தப் பக்கம் போனது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் உடுத்திய துணியையும் அதன் தண்ணீர்க் கிண்ணத்தையும் வாசலில் வைத்து, வீட்டில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள். பல நாய்கள் சத்தம் அடங்கியதும் தானாக வரும். தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போடுங்கள். முகம் மட்டும் இல்லாமல் முழு உடம்பும் தெரியும் படமாக இருக்கட்டும், அதற்காகவே இந்த வாரம் ஒன்று எடுத்துவையுங்கள். அப்புறம் பால்காரர், பேப்பர் போடும் பையன், காவலாளி, தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரிடம் கேளுங்கள். ஊர் தூங்கும்போது தெருவில் இருப்பவர்கள் அவர்கள்தான். எங்கள் நாயைப் பார்த்துச் சொன்னது வெடிக்குப்பை அள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மா: "கட்டிக்கிட்டிருக்கிற வீட்டுப் பக்கம் ஒண்ணு சுருண்டு கெடக்குது, பாருங்க."

போய்ப் பார்த்தால், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மணல் குவியலுக்குப் பின்னால் அவன்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அடையாளமே தெரியாததுபோலப் பின்வாங்கினான். மிரண்ட நாய் எஜமானரைக்கூடக் கொஞ்ச நேரம் எதிரியாகத்தான் பார்க்கும். நேராகப் போகாமல், கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்தேன். கையில் கொண்டுபோயிருந்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து, நான் ஒரு வாய் சாப்பிட்டேன். இருபது நிமிஷம் ஆனது. முதலில் மூக்கு வந்தது, அப்புறம் ஒரு கால், அப்புறம் முழு நாயும் மடியில் வந்து விழுந்தது. அந்தச் சமயத்தில் எல்லாரும் செய்யும் தவறு, கட்டிப்பிடித்து அழுவது. பக்கத்துத் தெருவில் யாராவது மிச்ச வெடியை வைத்தால் மறுபடி ஓடிவிடும். முதலில் பெல்ட்டில் கயிற்றை மாட்டிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சுவதெல்லாம் அப்புறம்.